மறைத்து வைக்கப்பட்ட இசையா?



இம்மாதம் ஓர் ஆசிரியையைப் பற்றி எழுதுகிறேன். தம் பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆயினும் எழுதத்தான் வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. "என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்களோ, சாமி! நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். சென்ற ஆண்டு கணவரை இழந்தார். மகன் கடல் கடந்து வாழ்கிறார். மகள் தொலைவில் ஒரு நகரில் வேலை பார்க்கிறார். இருவர் வாழ்ந்த வீட்டில் இப்போது ஒருவர். பகல் எப்படியோ கழிந்துவிடும், இரவுதான் கழியாது. தாய்க்கு உறக்கமில்லை என்பதை அறிந்த மகன், கைப்பேசியோடு இணைத்துக் கேட்பதற்கு ஒரு சிறு ஒலிபெருக்கியை வாங்கி அனுப்பினார். தியானத்துக்கும் யோகத்துக்கும் உரிய மெல்லிசை யூடியூபில் இரவு முழுவதும் ஓடும் என்றும், அதைக் கேட்டுக்கொண்டே படுத்தால் கண் அயரும் என்றும் சொல்லிக்கொடுத்தார். மகன் செய்ததில் குறை ஒன்றுமில்லை. அன்பினால் செய்தார்.

ஆனால் இசையோடு சில சொற்களும் சேர்ந்து அவ்வீட்டினுள் நுழைந்தன. "இது 528 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அமைந்த இசை. மணிப்பூரகச் சக்கரத்தைத் திறக்கும், கணையத்தைச் சீராக்கும், மரபணுவையே செப்பனிடும். பண்டைய கத்தோலிக்கத் துறவிகளின் பாடல்களில் இந்த அதிர்வெண்கள் இருந்தன. அவற்றின் குணமாக்கும் ஆற்றலை அறிந்த திருச்சபை அவற்றை மக்களிடமிருந்து மறைத்துவிட்டது." இவ்வாறு ஒரு குரல் சொல்லிற்று. அடுத்த நாள் வேறொரு குரல் அதையே சொல்லிற்று. பல வாய்கள் சொல்லும்போது பொய்க்கும் மெய்யின் சாயல் வந்துவிடுகிறது அன்றோ?

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் ஆசிரியை கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "சாமி, நம் பழைய பாட்டுகளில் நோய் தீர்க்கும் ஒலி இருந்ததாம். திருச்சபை அதை மறைத்துவிட்டதாம். மெய்தானா?" என்று கேட்டார். எனக்குப் பங்குப் பேரவைக் கூட்டத்திற்கு நேரமாகிவிட்டது. "அதெல்லாம் வீண் பேச்சு, டீச்சரம்மா. செபமாலை சொல்லிவிட்டுப் படுங்கள், தூக்கம் தானாக வரும்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நடந்தேன். அவரும் சிரித்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, நற்கருணை வாங்க வந்த வரிசையில் அவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வருவதைக் கண்டேன். மறுநாள் மாலை வீட்டுக்குச் சென்றேன். செருப்புக் கடித்த இடத்தில் ஒரு புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது எனக்குத் தெரியும். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, இரவு மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கணையத்தை இசை சீராக்கும்போது மாத்திரை அதற்கு இடையூறு செய்யும் என்று அந்தக் குரல்களுள் ஒன்று சொல்லியிருந்ததாம்.

அன்றிரவே பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோவில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது. இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் மருத்துவர். இறைவன் காத்தார், விரல் பிழைத்தது.

அந்த வாரம் முழுவதும் என் மனம் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு கேள்வியோடு வந்தவரை நான் ஒரு சிரிப்போடு அனுப்பிவிட்டேன். ஆகவே அவர் சற்றுத் தேறியதும், குருமடத்தில் பாடிய பழைய இலத்தீன் பாடற்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் சென்றேன். அன்று நாங்கள் பேசியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த "மறைக்கப்பட்ட" பாடலைப் பார்ப்போம். ஸ்நாபக அருளப்பரின் பிறப்புவிழாவாகிய ஜூன் 24 அன்று மாலைச் செபத்தில் பாடப்படும் இலத்தீன் கீதம் அது. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவியும் வரலாற்று ஆசிரியருமான தியாக்கோன் பவுல் என்பவர் இயற்றியதாகச் சொல்வது மரபு. உம் ஊழியர்களாகிய நாங்கள் உம்முடைய அரிய செயல்களைத் தளர்வுற்ற குரலோடு பாடுமாறு எங்கள் உதடுகளின் குற்றத்தை நீக்கும் என்று அருளப்பரை மன்றாடுவதே அதன் முதற்பகுதியின் கருத்து.

பதினோராம் நூற்றாண்டில், இத்தாலி நாட்டு அரெத்சோ நகரில், குய்தோ என்ற புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்பித்து வந்தார். அக்காலத்தில் ஒருவன் பாடல்களைக் கேட்டுக் கேட்டே மனனம் செய்ய வேண்டும். பத்தாண்டு பயின்றும் தேறாதவர் உண்டு. குய்தோ ஒன்றைக் கவனித்தார். இந்தக் கீதத்தின் முதல் ஆறு துணுக்குகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு படி மேலான சுரத்தில் தொடங்குகின்றன. அந்த ஆறு துணுக்குகளின் முதலெழுத்துகளையே சுரங்களுக்குப் பெயராக்கினார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. நாம் ச, ரி, க, ம என்று சொல்லிப் பழகுவது போல மேலைநாட்டுப் பிள்ளைகள் இப்பெயர்களைச் சொல்லிப் பழகினார்கள். பிற்காலத்தில் "உத்" என்பது "தோ" ஆயிற்று. ஏழாவது சுரத்திற்கு "சி" என்ற பெயரும் சேர்ந்தது. பாப்பரசர் 19-ஆம் அருளப்பர் குய்தோவை உரோமைக்கு வரவழைத்து அவருடைய முறையைப் பாராட்டினார். மறைப்பதற்காக வரவழைக்கவில்லை.

புத்தகத்தைத் திறந்து அந்தக் கீதத்தை ஆசிரியைக்குக் காட்டினேன். கரகரத்த குரலில் முதற்பகுதியைப் பாடியும் காட்டினேன். "இதுவா சாமி மறைத்து வைத்த பாட்டு?" என்றார். ஆம், இதுவேதான். அச்சிட்ட புத்தகத்தில் இருக்கிறது; இன்றும் இலத்தீன் திருப்புகழ்மாலையில் இருக்கிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாட்டு இசையில் கிரகோரியன் பாடலுக்கு முதன்மையான இடம் உண்டு என்று கூறிற்று. 1994-இல் ஸ்பெயின் நாட்டுச் சீலோஸ் மடத்துத் துறவிகளின் கிரகோரியன் பாடல்கள் இசைத்தட்டாக உலகெங்கும் கடைகளில் இலட்சக்கணக்கில் விற்றன. மறைத்தவர்கள் இப்படியா கடைத்தெருவில் வைப்பார்கள்?

"பாட்டு இருக்கிறது, சாமி. ஆனால் 528 என்ற எண்?" என்றார் கணக்கு ஆசிரியை. நல்ல கேள்வி.

ஒரு தந்தி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே அதன் அதிர்வெண். இப்போது அதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் சொல்கிறோம். 1894-இல் மறைந்த ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயர் இருபதாம் நூற்றாண்டில்தான் அந்த அலகுக்கு இடப்பட்டது என்றேன். "பெயர் பிறகு வந்திருக்கலாம். பெயர் வைப்பதற்கு முன்பே மாம்பழம் இனித்திருக்குமே, சாமி" என்றார். அதுவும் சரியே. ஆகவே வேறு வழியில் விளக்கினேன்.

குருமடத்தில் எங்களுக்குக் கிரகோரியன் இசை கற்பித்தவர் ஒரு முதிய குரு. அந்த இசையை நான்கு கோடுகளின் மேல் எழுதுவார்கள். "தோ" எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காட்ட முன்னால் ஒரு குறி இருக்கும். அந்தக் குறி பாட்டுக்குப் பாட்டு இடம் மாறும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள தொலைவை மட்டுமே அது காட்டும். எந்தச் சுருதியில் தொடங்குவது என்பதைக் காட்டாது. அந்த முதிய குரு எங்கள் முகங்களைப் பார்ப்பார். பாதிப்பேருக்குச் சளி பிடித்திருந்தால் தாழ்வான சுருதியைப் பிடித்து முணுமுணுப்பார். பெருவிழாக் காலையில் சற்று ஏற்றிப் பிடிப்பார். பாட்டு அதுவே, அதிர்வெண் நாளுக்கு நாள் வேறு. குய்தோவின் சிறுவர்களும் அப்படித்தான் பாடியிருக்க முடியும். நொடிக்கு இத்தனை அதிர்வு என்று எண்ணிப் பார்க்க அன்று வழியே இல்லை.

கேட்கக்கூடிய ஒரு சுரத்தின் அதிர்வுகளை முதன்முதலில் எண்ணிக் கணக்கிட்டவர் யார் தெரியுமா? அவரும் ஒரு கத்தோலிக்கத் துறவியே. பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்த மரேன் மெர்சென் என்னும் பிரெஞ்சுக் குரு. கண்ணால் எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவாக அசையும் மிக நீண்ட தந்திகளைக் கட்டி, அவற்றின் அசைவை எண்ணி, குறுகிய தந்தியின் அதிர்வை விகிதத்தால் கணித்தார். அதை மறைக்கவுமில்லை, 1636-இல் நூலாக அச்சிட்டார். அதன் பிறகும் ஊருக்கு ஊர் சுருதி வேறாகவே இருந்தது. பிரெஞ்சு அரசு 1859-இல் "லா" என்ற சுரத்துக்கு 435 என்று சட்டம் செய்தது. 1939-இல் இலண்டனில் கூடிய மாநாடு 440 என்று முடிவு செய்தது. அந்த 440-ஐ வைத்துச் சுருதி சேர்த்த கருவியில் ஒரு "தோ" ஏறத்தாழ 523 ஆகும். 528 என்பது அதற்குச் சற்றே மேலே. அவ்வளவுதான். திருப்பலி நேரத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதால், அந்தக் குரலும் ஏறி இறங்கும்போது 528-ஐக் கடந்து செல்லக்கூடும்.

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டு நீங்கள் வியப்படைவீர்கள்: நம் விவிலியத்திலிருந்து! அமெரிக்க நாட்டில் ஜோசப் புலியோ என்பவர் 1970-களில் இவ்வெண்களைக் கண்டடைந்ததாகச் சொன்னார். அவரும் லெனார்ட் ஹோரோவிட்ஸ் என்பவரும் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட நூலின் வழியே அவை பரவின. எண்ணிக்கை நூல் ஏழாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு குலத் தலைவர்கள் பன்னிரண்டு நாள் காணிக்கை கொண்டுவந்த செய்தி அதில் உள்ளது. 12-ஆம் வசனம் முதல் ஒவ்வொரு தலைவருக்கும் ஆறு ஆறு வசனங்கள். எனவே ஒரே செய்தி ஆறு வசனத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. அந்த வசன எண்களின் இலக்கங்களைக் கூட்டுகிறார்கள். 12 என்றால் ஒன்றும் இரண்டும் மூன்று. 18 என்றால் ஒன்பது. 24 என்றால் ஆறு. ஆக 396. அடுத்து 13, 19, 25: நான்கு, ஒன்று, ஏழு; ஆக 417. அடுத்து 14, 20, 26: ஐந்து, இரண்டு, எட்டு. இதோ 528!

ஆசிரியை பென்சிலை எடுத்தார். பழைய வீட்டுப்பாடக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஐந்து நிமிடம் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "சாமி, இது எங்கே தொடங்கினாலும் இப்படித்தான் வரும். மூன்று ஆறு பதினெட்டு. பதினெட்டின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது. ஒன்பதைக் கூட்டினால் இலக்கத் தொகை மாறாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். நம் பாட்டுப் புத்தகத்தில் 5, 11, 17-ஆம் பாட்டுகளை எடுத்தாலும் 528தான்!" என்றார். நெடுநாளைக்குப் பின் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்று கண்டேன்.

மற்றொன்றையும் சொன்னேன். குய்தோவின் காலத்தில் விவிலியத்துக்கு அதிகார எண்ணும் இல்லை. வசன எண்ணும் இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகளை வகுத்தவர் 13-ஆம் நூற்றாண்டில் கான்டர்பரியின் பேராயராயிருந்த ஸ்டீபன் லாங்டன் என்பர். வசன எண்களோ 16-ஆம் நூற்றாண்டில், ரொபேர் எஸ்தியென் போன்ற அச்சகத்தார் வழியே நிலைபெற்றவை. பதினோராம் நூற்றாண்டுத் துறவி, ஐந்து நூற்றாண்டுக்குப் பின் அச்சகத்தார் பரப்பிய எண்களை எப்படிப் பாட்டுக்குள் ஒளித்து வைப்பார்?

இனி, சக்கரங்களைப் பற்றி ஒரு சொல். யோகமும் சக்கரங்களும் நம் நாட்டு மக்களின் ஆழ்ந்த தேட்டத்தில் பிறந்தவை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எவையோ அவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இல் பொதுச்சங்கம் கற்பித்தது. ஆகவே அம்மரபை நான் இகழவில்லை. அந்த மரபுக்கும் இவ்விசை வாணிகம் அநீதி செய்கிறது என்றே சொல்கிறேன். திருமூலரின் திருமந்திரம் ஆறு ஆதாரங்களைப் பற்றிப் பேசுகிறது. வங்கத்தைச் சேர்ந்த பூர்ணானந்தர் 1577-இல் சக்கரங்களைப் பற்றி வடமொழியில் ஒரு நூல் செய்தார். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த ஜான் உட்ரோஃப் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1919-இல் வெளியிட்டதால் மேலைநாட்டார் அதனை அறிந்தனர். சென்னை அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் 1927-இல் தம் கருத்துகளைச் சேர்த்து ஒரு நூல் எழுதினார். பூர்ணானந்தரின் நூலில் மணிப்பூரகம் என்பது பத்து இதழ்த் தாமரை. அதன் நிறம் கார்மேக நிறம். அதற்குரிய எழுத்து "ரம்". ஹெர்ட்ஸ் கணக்கு அதில் இல்லை. இன்று படங்களில் மணிப்பூரகத்தை மஞ்சள் நிறத்தில் தீட்டுகிறார்கள். ஏழு சக்கரங்களுக்கு வானவில்லின் ஏழு நிறங்களை வரிசையாக ஒட்டியது 1970-களின் அமெரிக்காவில் பரவிய வழக்கம். 1975-இல் கலிபோர்னியாவில் ஸ்டீவன் ஹால்பெர்ன் என்ற இசைஞர் ஏழு சக்கரங்களுக்கு ஏழு சுரங்களை அமைத்து மின்பியானோவில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். நம் முன்னோர் குருவின் காலடியில் அமர்ந்து, உணவையும் நடத்தையையும் ஒழுங்குபடுத்தி, ஆண்டுக்கணக்கில் பயின்றதை, படுத்துக்கொண்டே கேட்டால் கிடைத்துவிடும் என்கிறார்கள். யோகியும் இதை ஏற்கமாட்டார்.

"அப்படியானால் அந்த இசையைக் கேட்பது பாவமா, சாமி?"

பாவமில்லை என்றேன். பின்னணியில் மெல்ல ஒலிக்கும் இசை என்பது புதுமையன்று. எரிக் சத்தி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1920-இல் பாரிசில், வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்போல் ஓரமாக இருந்துவிட்டுப் போகும் இசை என்று ஒன்றை வாசிக்கச் செய்தார். கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கவே, கேட்காதீர்கள், பேசிக்கொண்டிருங்கள் என்று அவர்களை வேண்டினாராம்! ஆங்கில இசைஞர் பிரையன் ஈனோ 1975-இல் விபத்துக்குள்ளாகிப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் யாழிசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சென்ற பின் அதை ஓடவிட்டால் ஒலி மிகத் தாழ்ந்திருந்தது; எழுந்து கூட்டுவதற்கு உடம்பில் வலுவில்லை. மழையின் ஓசையோடு கலந்து கேட்டும் கேளாமலும் ஒலித்த அந்த இசை தமக்கு ஒரு புதிய வழியைக் காட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். 1978-இல் விமான நிலையங்களுக்கென்று அவர் அமைத்த இசை புகழ் பெற்றது. இவ்வகை இசையைக் கவனித்தும் கேட்கலாம், கவனியாமலும் விட்டுவிடலாம். நோய் தீர்க்கும் என்று அவர் சொல்லவில்லை.

இசை உறக்கத்துக்கு உதவுமா என்றால், உதவும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, உறக்கமின்மையால் வருந்துவோர் இசை கேட்பதனால் உறக்கத்தின் தரம் உயரக்கூடும் என்று 2015-இலும் 2022-இலும் வெளியிட்ட ஆய்வுரைகளில் கூறியுள்ளது. அதற்கு மந்திர எண் தேவையில்லை. அவரவர் மனத்துக்கு இனிய, மெதுவான எந்த இசையும் போதும். ஆனால் இசை மரபணுவைச் செப்பனிடும் என்பதற்கோ, சர்க்கரை மாத்திரையின் இடத்தைப் பிடிக்கும் என்பதற்கோ சான்று கிடையாது.

அமைதியையும் செபத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கிறிஸ்தவ தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. கீழை நாட்டுத் தியான முறைகள் செபிப்பவருக்குத் தக்க துணையாகலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் உடற்பயிற்சியால் விளையும் அமைதியையும் இனிய உணர்வையும் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று எண்ணிவிடலாகாது என்று எச்சரிக்கிறது. நம் தமிழகத்திலேயே, குளித்தலைக்கு அருகில் காவிரிக் கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனத்தில், துறவிகள் மௌனத்தில் அமர்ந்து செபித்து வருகிறார்கள். அவர்கள் நாடுவது ஓர் உணர்வையன்று. ஓர் ஆளை, தங்களை அன்பு செய்யும் இறைவனை. இசை கதவுவரை நம்மை அழைத்துவரலாம். உள்ளே போய்ப் பேசவேண்டியவர் நாமே.

இவ்வளவையும் கேட்டபின் ஆசிரியை சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு சொன்னார்: "எண் எல்லாம் எனக்குப் பெரிதில்லை, சாமி. அவர் இருந்தபோது இரவெல்லாம் இருமிக்கொண்டே இருப்பார். எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த இருமல் இல்லாத வீடு பயமாக இருக்கிறது. ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தைத் தந்தவர்கள் சொன்னதையும் நம்பிவிட்டேன்."

வாசகர்களே, என்னிடம் மறுமொழி இருந்த கேள்விகளுக்கெல்லாம் மறுமொழி சொன்னேன். இதற்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. கோவில் வாசலில் அவர் என்னிடம் கேட்க வந்தது இதைத்தான் என்று அப்போதுதான் உணர்ந்தேன். எனக்கு அன்று நேரமில்லை. அந்தக் கைப்பேசிக்கு எந்நேரமும் நேரம் இருந்தது.

இப்போது மரியாயின் சேனைச் சகோதரிகள் இருவர் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் அவர் வீட்டுக்குச் சென்று அவரோடு செபமாலை சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவிகள் மூவர் கணக்குக் கற்க நாள்தோறும் வருகிறார்கள். ஆறு மணி முதல் எட்டு மணி வரை அவ்வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. மகன் இரவு பத்து மணிக்குத் தவறாமல் தொலைபேசியில் பேசுகிறார். மாத்திரையைச் சாப்பிட்டீர்களா என்பதே அவருடைய முதற்கேள்வி. உறக்கம் முழுவதும் திரும்பிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். சில இரவுகளில் இன்னும் அந்தச் சிறு ஒலிபெருக்கி மெல்ல ஒலிக்கிறது. ஒலிக்கட்டும். விளக்கவுரை சொல்லும் குரல்களை மட்டும் அவர் நிறுத்திவிட்டார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இரவில் தனியே விழித்திருக்கும் முதியவர் யாரேனும் உண்டா? அவர் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அன்போடு விசாரியுங்கள். கேலி செய்யாதீர்கள், நான் அந்தத் தவற்றைச் செய்தேன். மாத்திரைகளைக் குறைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். குறைத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதன்பின் அவர் அருகில் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். சொல்வதற்கு ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. ஆண்டவர் உங்களோடும் அவரோடும் இருப்பாராக.